முழு இழப்பு

பதினொரு நிமிடம் பெய்தது.
எலுமிச்சை அளவு என்றது வானொலி.
எலுமிச்சைக்கு இத்தனை கோபம் வந்து நான் பார்த்ததில்லை.
பிளாட் ஆற்றுக்குத் தெற்கே சோளமெல்லாம் வெறும் தண்டாய் நின்றது.
இறைச்சி ஆலையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
இரவு முறைக்காரர்கள் நாங்கள்
ஏலம் பார்ப்பதுபோல் வரிசையாய் நின்று
அவரவர் வண்டி அடிபடுவதைப் பார்த்தோம்.

மறுவாரம் காப்பீட்டிலிருந்து கோர்பின் வந்தான்,
கழுத்து இன்னும் சட்டைக்காலரை நிரப்பாத பையன்.
மஞ்சள் சாக்கட்டியால் பள்ளங்களை வட்டமிட்டான்.
முன்மூடியில் நூற்று நாற்பது வரை எண்ணினான்.
கூரைக்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டான்.
அம்மை வார்த்த முகம்போல் இருந்தது என் இம்பாலா.
"முழு இழப்பு" என்றான்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிற குரலில்.

முழு இழப்பு
அன்று மாலை என்னை வேலைக்குக் கொண்டுபோனது.
விடியலில், முதல் திருகிலேயே,
வீட்டுக்குக் கொண்டுவந்தது.
தான் செத்த சேதி அதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

கணக்கு இதுதான்.
அதன் விலை நாலாயிரத்து முந்நூறு.
என் பொறுப்பு ஐந்நூறு போக மீதியைத் தந்துவிட்டு
வண்டியை இழுத்துப் போவார்கள்.
இல்லை, இன்னும் ஓர் எழுநூற்றுப் பத்தை விட்டுக்கொடுத்தால்
வண்டி எனக்கே.
என் வாசலில் நிற்கிற,
கடன் அடைத்து ஆறு வருடமான என் வண்டியை
நான் வாங்க வேண்டும்.

டுவெய்ன் வேண்டாம் என்கிறான்.
பத்திரத்தில் கழிவு என்று முத்திரை விழும்,
விற்கப் போனால் பாதி விலை தேறாது,
அடுத்த ஆலங்கட்டிக்குச் சல்லிக்காசு வராது.
சரிதான்.
அவன் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும்,
அதனால்தான் பிரிந்தோம்.

மெக்கானிக் லுமீர் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
எண்ணெய்க் கம்பியை உருவி, துடைத்து, முகர்ந்தார்.
"முன்கண்ணாடி மட்டும் மாற்று, இருநூற்று அறுபது.
இந்த எஞ்சின் என்னைப் புதைத்துவிட்டுத்தான் ஓயும்."

எனக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.
எலும்பு நீக்கும் வரிசையில் ஒன்பதாம் வருடம்
இடது மோதிர விரலில் இரண்டு கணு போனது.
அதற்கும் ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள்:
இன்ன விரலுக்கு இத்தனை வாரக் கூலி.
காசோலை வந்தது.
இந்த வண்டிக்கு முன்பணம் அதில்தான் கட்டினேன்.
கொஞ்சம் குறைத்துக்கொண்டு
திரும்ப எடுத்துக்கொள்கிறாயா, ஆர்டித், என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பேரம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

அதற்காக உருகி முடிவெடுக்கவும் கூடாது.
இரும்பு இரும்புதான், விரல் விரல்தான்.
ஆனால் இவர்கள் தருகிற பணத்துக்கு
இந்த ஊரில் கிடைக்கப்போவது
இன்னொருத்தியின் ஆலங்கட்டி,
பட்டி பூசி, சாயமடித்து மறைத்தது.

நேற்றைய மழையில் சாக்கட்டி வட்டங்கள் கரைந்துவிட்டன.
பள்ளந்தோறும் அரை மடக்குத் தண்ணீர்.
பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த
பக்கத்து வீட்டு ஹோதன்
நடைமேடை விளிம்பில் எம்பி நின்று
கூரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
எண்பத்தாறு வரை கேட்டது.
பேருந்து வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.
இப்போது நாலு நாற்பது.
காதில் கம்பெனியின் பியானோ.
பிறகு கோர்பின்.
பெயர் கேட்டான், கோப்பு எண் கேட்டான்,
வண்டி இப்போது எங்கே என்றான்.
"வாசலில். ஓடிக்கொண்டிருக்கிறது.
சீக்கிரம் சொல்லு தம்பி,
வேலைக்கு நேரமாகிறது.
எழுநூற்றுப் பத்தா,
ஏழு நூறாக்கக் கூடாதா?"